ஆராய்ச்சி ஏடும் அச்சுக்கோப்பும்

நமது சங்கத்து இல்லங்கள் பலவற்றில் இப்பொழுது ஆராய்ச்சிப் பட்டத்திற்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கணிதம், பௌதிகம், பொறியியல் எனத் துறைகள் பல. ஆராய்ச்சியை முடித்து ஏட்டை எழுதிவிட்டால் காரியம் தீர்ந்தது என்றே பெற்றோர் எண்ணுகிறோம். எழுதியதை அச்சு வடிவிற்குக் கொணர்வது தனியொரு வேலை என்பது கடைசி மாதத்தில்தான் தெரிய வருகிறது. சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் அவ்வாறே தெரிய வந்தது. அதனைச் சங்க இதழில் எழுதினால் மற்றவர்க்குப் பயன்படும் என்று ஆசிரியர் பணித்தமையால் எழுதத் துணிந்தேன்.

நான் பத்தாம் வகுப்பு மட்டும் தேறியவன். ரெயில்வேயில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, இலாகாத் தேர்வெழுதி, நாகபுரியில் சரக்கு அலுவலக எழுத்தனாக இருப்பவன். கணிதத்தைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. ஆயின் அச்சுக்கோப்பைப் பற்றி எழுதச் சிறிது உரிமை உண்டு. என் தந்தையார் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் கம்பாஸிட்டராக இருந்தார். ஈய எழுத்துகள் நிறைந்த அறைப்பெட்டியின் முன் நின்றபடி, இடக்கையில் ஸ்டிக்கைப் பிடித்து, வலக்கையால் எழுத்தெடுத்து அடுக்குவார். எழுத்து எங்கே கிடக்கிறது என்று அவர் கண்ணால் பார்த்ததை நான் கண்டதில்லை. கை தானே சென்று எடுத்துவரும். ஒரு வரி முடிவில் இடம் குறைந்தால் சொற்களுக்கிடையே உள்ள ஸ்பேஸை எடுத்துவிட்டு மெல்லியதைச் செருகுவார். இடம் மிகுந்தால் தடித்ததைச் செருகுவார். கணினி அச்சுக்கோப்பு வந்தபின் அந்த அச்சகம் மூடப்பட்டது. ஈயத்தை எடைக்குப் போட்டார்கள். அதன்பின் அவர் பத்திரிகையைப் பிரித்தவுடன் செய்தியைப் படிக்கமாட்டார். வரிகளுக்கிடையே உள்ள வெள்ளையைத்தான் பார்ப்பார்.

இனி விஷயத்திற்கு வருகிறேன். என் தமக்கையின் மகள் கணிதத்தில் ஆராய்ச்சி செய்தவள். தன் கையெழுத்துப் படியை நகரத்தில் ஒரு தட்டச்சுக் கடையில் கொடுத்திருந்தாள். கடைக்காரர் ஏறக்குறைய 200 பக்கங்களை அடித்துத் தந்துவிட்டார். சமன்பாடுகளின் எண்களை மட்டும் அவர் கையாலேயே ஒவ்வொன்றாக அடித்திருந்தார். சமர்ப்பிக்க 3 வாரங்களே எஞ்சியிருக்கையில், வழிகாட்டும் பேராசிரியர் இரண்டாம் அத்தியாயத்தில் புதிதாக ஒரு துணைத் தேற்றமும் இரண்டு சமன்பாடுகளும் சேர்க்க வேண்டும் என்றார். சேர்த்தவுடன் அதற்குப் பின்வந்த எண்கள் யாவும் இரண்டிரண்டாக நகர்ந்தன. மூன்றாம், நான்காம் அத்தியாயங்களில் ‘2.17ஆம் சமன்பாட்டின்படி’ என்று சுட்டியிருந்த இடங்கள் எல்லாம் பிழையாயின. அனைத்தையும் திருத்த ஒரு மாதமும், முன்போலவே இன்னொரு கூலியும் வேண்டும் என்றார் கடைக்காரர். தவணை நீட்டிப்பு ஏற்கெனவே ஒருமுறை பெற்றாயிற்று. மறுமுறை கிடையாது. ஐந்தாண்டு உழைப்பு எண்களின் பிழையால் கரைசேராமற் போகுமோ என்று தமக்கை இரண்டு நாள் சரியாக உண்ணவில்லை.

அப்பொழுது அவளுடைய தோழி ஒருத்தி லேடெக் என்னும் மென்பொருளைப் பயன்படுத்தச் சொன்னாள். முன்னரே பலர் சொல்லியிருக்கிறார்கள். கற்கச் சோம்பிக் கடையில் கொடுத்துவிட்டதாக அவளே ஒப்புக்கொண்டாள்.

இம்மென்பொருளின் பிறப்பு சுவையானது. அமெரிக்காவில் டொனால்ட் கனூத் என்னும் பேராசிரியர் கணினி நிரல் கலையைப் பற்றிப் பெருந்தொகுதிகள் எழுதத் தொடங்கினார். முதல் தொகுதி 1968இல் வெளிவந்தது. அது ஈய எழுத்தில், மோனோடைப் பொறியால் கோக்கப்பட்டது. இரண்டாம் தொகுதியின் மறுபதிப்பிற்குள் உலகம் மாறிவிட்டது. பதிப்பகத்தார் ஒளிப்பட முறையில் அச்சுக்கோக்கலாயினர். 1977இல் அதன் மெய்ப்புப் படிகள் கனூத்தின் கைக்கு வந்தன. எழுத்துகளின் உருவும் இடைவெளியும் அவர் மனத்திற்கு ஒவ்வவில்லை. வேறொருவராயின் கடிதம் எழுதிக் குறைகூறி விட்டிருப்பர். இவரோ தம் நூலெழுதும் வேலையை நிறுத்தி வைத்துவிட்டு, அச்சுக்கோப்பதற்கென்றே ஒரு நிரல் எழுத உட்கார்ந்தார். விரைவில் முடிந்துவிடும் என்று எண்ணித் தொடங்கிய அவ்வேலை ஏறக்குறைய பத்தாண்டுகளை விழுங்கிற்று. அவர் இயற்றிய நிரலின் பெயர் டெக்ஃ. கடைசி எழுத்து கிரேக்க மொழியின் ‘கை’ என்னும் எழுத்து. நம் ‘அஃது’ என்னும் சொல்லில் ஆய்தம் ஒலிப்பதைப்போல் தொண்டையில் ஒலிக்க வேண்டும். ஆங்கிலேயர்க்கு இதனை விளக்க அவர் வெகு பாடுபட்டிருக்கிறார். தமிழர்க்கு ஒரு வரியில் விளங்கிவிடும்.

அந்நிரலை அவர் விலைக்கு விற்கவில்லை. யாவரும் எடுத்தாளலாம் என விட்டுவிட்டார். நூல்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்வோர்க்கு 2 டாலர் 56 சென்ட்டுக்குக் காசோலை அனுப்புவதும் 2008 வரை அவர் வழக்கமாக இருந்தது. பெற்றவர் பலர் அதை மாற்றாமல் சட்டமிட்டு மாட்டிக்கொண்டனர். நிரலின் பதிப்பெண் ஒவ்வொரு திருத்தத்திற்கும் வட்டத்தின் பை என்னும் எண்ணை ஓர் இலக்கம் நெருங்கும். 2021இல் அது 3.141592653 ஆயிற்று.

டெக்ஃ கற்பது கடினம். அதன்மீது 1980களில் லெஸ்லி லாம்போர்ட் என்னும் அறிஞர் எளிய கட்டளைகளைச் சேர்த்து லேடெக் என்பதை அமைத்தார். ‘இது அத்தியாயத் தலைப்பு’, ‘இது தேற்றம்’, ‘இது அடிக்குறிப்பு’ என்று சொன்னால் போதும். எழுத்தின் அளவு, ஓரத்து இடம், எண் ஆகியவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும். எழுதுபவர் பொருளைச் சொல்ல, வடிவத்தைப் பொறி கொடுக்கிறது.

எங்கள் இடரைத் தீர்த்தது எண்ணிடும் முறைதான். சமன்பாட்டிற்கு எண் கொடுப்பதே இல்லை; ஒரு பெயர் கொடுக்கிறோம். பின்னர் சுட்டும் இடத்தில் அப்பெயரை எழுதுகிறோம். முதல்முறை ஓட்டும்போது மென்பொருள் எந்தப் பெயருக்கு எந்த எண் என்று ஒரு துணைக் கோப்பில் குறித்துக்கொள்கிறது. இரண்டாம் முறை ஓட்டும்போது அக்கோப்பைப் பார்த்து உரிய எண்ணை எல்லா இடங்களிலும் இட்டுவிடுகிறது. முதல் ஓட்டத்தில் எண் வரவேண்டிய இடங்களில் எல்லாம் இரட்டைக் கேள்விக்குறிகள் நின்றதைக் கண்டு, நள்ளிரவில் வீடு முழுவதும் கலங்கியது உண்மை. மறுமுறை ஓட்டியதும் அவை மறைந்தன. (கடையில் பயன்படுத்திய சாதாரண மென்பொருளிலும் தானே எண்ணிடும் வசதி உண்டு என்று பின்னர் அறிந்தேன். கடைக்காரர் அதனைப் பயன்படுத்தவில்லை. குற்றம் மென்பொருளுடையது என்று சொல்வது நியாயமாகாது.)

என்னைப் பெரிதும் கவர்ந்தது வரி முறிக்கும் முறை. டெக்ஃ ஒவ்வோர் எழுத்தையும் ஒரு பெட்டியாகக் கருதுகிறது. சொற்களுக்கிடையே உள்ள வெள்ளைக்குக் கனூத் வைத்த பெயர் பசை. அப்பசைக்கு இயல்பான அகலம் ஒன்று, நீளும் அளவு ஒன்று, சுருங்கும் அளவு ஒன்று. இது என் தந்தையார் மெல்லியதும் தடித்ததுமாய்ச் செருகிய ஸ்பேஸ்தான். ஆனால் அவர் ஒரு சமயத்தில் ஒரு வரியைத்தான் பார்க்க முடியும். டெக்ஃ பத்தி முழுவதையும் ஒருங்கே பார்க்கிறது. எங்கெங்கு முறிக்கலாம் என்று ஆராய்ந்து, ஒவ்வொரு முறிவிற்கும் குற்றமதிப்பெண் இட்டு, மொத்தக் குற்றம் மிகக் குறைந்த வழியைத் தெரிகிறது. கனூத்தும் மைக்கேல் பிளாஸ் என்பவரும் 1981இல் இம்முறையை விரித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். சரக்கேற்றுவோர் இதனை எளிதில் உணர்வர். முன்னே நிற்கும் வாகனை மட்டும் பார்த்து நிரப்பிக்கொண்டே போனால், கடைசி வாகன் முக்காலும் வெறுமையாய் நிற்கும். வண்டி முழுவதையும் மனத்தில் வைத்து ஏற்றுபவனே நல்ல குமாஸ்தா. அளவைகளும் வியப்பானவை. ஓர் அங்குலத்தில் 72.27 புள்ளி, ஒரு புள்ளியை 65,536 கூறாக்கிக் கணக்கிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிட அக்கூறு சிறிது. என் தந்தையார் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். பின்பு அச்சடித்த தாளை வாங்கிப் பார்த்திருப்பார்.

மேற்கோள் நூற்பட்டியல் என் பங்கிற்கு வந்தது. அவள் தேற்றங்களைக் கவனிக்க, நான் அலுவல் முடிந்து வந்து இரவில் நூல்களின் விவரங்களைப் பதிந்தேன். ஆசிரியர், தலைப்பு, இதழ், தொகுதி, ஆண்டு, பக்கம் என்று ஒவ்வொன்றிற்கும் ஒரு கட்டம். ரெயில்வே ரசீது எழுதிப் பழகிய கைக்கு இது புதிதன்று. ஓரிடத்தில் காற்புள்ளி ஒன்றை விட்டுவிட்டேன். நூற்பட்டியல் பாதியில் நின்றது. அதைத் தேட முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இதில் தமிழர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைச் சிலசமயம் பெயருக்குப் பின் எழுதுகிறோம். ‘கந்தசாமி ரா’ என்று பதிந்தால், கடைசியில் நிற்கும் ‘ரா’வையே மென்பொருள் குடும்பப் பெயராகக் கொள்ளும், கந்தசாமியை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிடும். வடநாட்டு அலுவலகங்களில் விண்ணப்பம் நிரப்பும்போதெல்லாம் நாம் படும் அதே தொல்லை. ‘ரா. கந்தசாமி’ என்றோ, ‘கந்தசாமி’ என எழுதிக் காற்புள்ளியிட்டுப் பின் ‘ரா’ என்றோ பதிந்தால் பெயர் பிழைக்கும். எங்கள் பட்டியலில் நான்கு தமிழர்கள் இவ்வாறு பெயரிழந்து நின்றதைக் கடைசி மெய்ப்பில்தான் கண்டோம்.

எல்லாம் முடிந்தபின், சமர்ப்பணப் பக்கத்தில் தாத்தாவின் பெயரைத் தமிழில் இடவேண்டும் என்றாள். வேண்டாம், நாள் இல்லை என்றேன்.

“தாத்தாவுக்கு இங்கிலீஷில் போட்டால் அவர் என்ன மாமா சொல்வார்?” என்றாள்.

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. தமிழ் எழுத்தைக் கண்டதும் மென்பொருள் பிழையென்று அறிவித்து நின்றது. ஜோனதன் க்யூ என்பவர் 2004இல் வெளியிட்ட ஸீடெக்ஃ என்னும் வகை உலக மொழிகளின் எழுத்துகளை ஏற்கும் என்று அறிந்து அதற்கு மாறினோம். இம்முறை பிழை இல்லை; ஆனால் தமிழ் இருக்கவேண்டிய இடம் வெறுமையாய் இருந்தது. தமிழ் எழுத்துருவைக் குறிப்பிடவில்லையாம். குறிப்பிட்டோம். எழுத்து வந்தது, ஆனால் கொம்பு எழுத்திற்கு முன் நில்லாமல் பின்னே சென்று நின்றது. எழுத்துமுறை தமிழ் என்று தனியே ஒரு சொல் சேர்க்கவேண்டும் என்பதை மறுநாள் தோழி சொல்லித்தந்தாள். அதன்பின் கொம்பு தன் இடத்திற்கு வந்தது. இரண்டு வரிக்கு இரண்டு இரவுகள்.

தவணைக்கு ஒருநாள் முன்னதாக ஏடு சமர்ப்பிக்கப்பட்டது. கட்டிய படி ஒன்றை வீட்டிற்குக் கொணர்ந்தபோது என் தாயார் சமர்ப்பணப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்புறத்தை விரலால் தடவினார். “எழுத்து அழுந்தவே இல்லையேடா” என்றார். ஈய எழுத்தில் அடித்த தாள் பின்னே தடவினால் தெரியும் என்பதை நான் மறந்திருந்தேன்.

விரும்புவோர்க்குச் சில சொற்கள். இம்மென்பொருளுக்கு விலையில்லை, லினக்ஸ், விண்டோஸ் எதிலும் இயங்கும். கணினியில் நிறுவாமலே இணையத்தில் எழுத ஓவர்லீஃப் என்னும் தளம் உண்டு. சரித்திரமோ இலக்கியமோ எழுதுவோர்க்கு இது கட்டாயமன்று. சமன்பாடும் அட்டவணையும் மிகுந்த ஏடுகளுக்கே இதன் அருமை தெரியும். கற்க இரண்டு வாரமாவது வேண்டும். ஆகவே ஆராய்ச்சியின் முதலாண்டிலேயே தொடங்குக. எங்களைப்போல் கடைசி மாதத்தில் அன்று. பல்கலைக்கழகங்கள் சில தமக்கென மாதிரிக் கோப்பு வைத்திருக்கின்றன; அதனை முதலில் கேட்டு வாங்குக. தொழிலாகக் கற்பதற்கும் இது ஏற்றது. சென்னை, புதுச்சேரி, திருவனந்தபுரம் நகரங்களில் மேனாட்டு ஆய்விதழ்களுக்கு இதன்வழி அச்சுக்கோத்துத் தரும் நிறுவனங்கள் உள்ளன. உலகெங்குமுள்ள டெக்ஃ பயனாளர்கள் 2002இல் தம் ஆண்டு மாநாட்டைத் திருவனந்தபுரத்திலேயே கூட்டினர்.

தமக்கை மகள் ஞாயிறு மாலைகளில் சங்கக் கட்டடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இசைந்திருக்கிறாள். கணினி கொண்டுவர இயலாதவர்க்கு அவளுடைய பழைய கணினி அங்கே இருக்கும். நூற்பட்டியலுக்கு மட்டும் என்னிடம் வரலாம்.