மன்னார்க் கடலில் கோபுரம் எழுமா?

2022 ஆம் ஆண்டில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெற்று சிலிண்டர்களுடன் வரிசையில் நின்ற மக்கள் மனதில், மன்னார்க் கடலிலுள்ள எரிவாயுவை ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கான விடையை அரசியலில் மாத்திரமன்றிக் கடலின் ஆழத்திலும் தேட வேண்டியுள்ளது.

2011 இல் கெயார்ன் லங்கா நிறுவனம் டொராடோ, பரகுடா எனும் இரு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டறிந்தது. டொராடோவில் நீரின் ஆழம் 1,300 மீற்றருக்கும் அதிகமாகும். சுமார் 350 மீற்றர் உயரமான நமது தாமரைக் கோபுரம் போன்ற நான்கினை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் உச்சி நீருக்கு மேல் தெரியும்.

ஆழம் குறைந்த மும்பாய்க் கடலில், உருக்குக் குழாய்களாலான கோபுரங்களைக் கடலடியில் ஆழப் பதித்து, அவற்றின் மீது உற்பத்தி மேடைகளை அமைத்துள்ளனர். ஆழம் கூடும்போது பாரம் மட்டுமன்றி அலையின் தாளமும் பெருஞ்சிக்கலாகிறது. புயற்காலப் பேரலைகள் ஏறத்தாழ 10 முதல் 15 செக்கன்களுக்கு ஒருமுறை மோதுகின்றன. கோபுரம் உயர உயர அதன் இயல்பான அசைவு மெதுவாகி, அத்தாளத்தை நெருங்குகிறது. ஊஞ்சலை உரிய கணத்தில் தள்ளத் தள்ள வீச்சுப் பெருகுவதைப் போன்று, இரண்டும் பொருந்தினால் அசைவு பெருகி உருக்கில் வெடிப்புகள் தோன்றும்.

இதைத் தவிர்க்க அடிப்பாகத்தை அகலமாக்கி விறைப்பூட்ட வேண்டும், செலவோ பன்மடங்காகும். 1988 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் 412 மீற்றர் ஆழத்தில் நிறுவப்பட்ட புல்விங்கிள் மேடை இவ்வகையின் உச்சமாகும். பொறியியலாளர்கள் மாற்றுவழியையும் நாடினர். அலையைவிட மிக மெதுவாக அசையும் மெலிந்த கோபுரத்தை வடிவமைத்தனர். அதே வளைகுடாவில் 535 மீற்றர் ஆழத்தில் நிறுவப்பட்ட பெட்ரோனியஸ் அத்தகையது.

மன்னாரின் ஆழமோ அதனிலும் இரு மடங்குக்கு மேல். அங்கு மிதக்கும் மேடைகளும் கடலடிக் குழாய்களுமே வழி. அதற்குப் பெருமுதலீடு தேவை. உலக எண்ணெய் விலை சரிந்திருந்த 2015 இல் கெயார்ன் விலகிச் சென்றது.

மேலும், இயற்கை வாயு பெரும்பாலும் மீதேன். நமது சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். ஆகவே முதற்பயன் மின்னுற்பத்திக்கே கிட்டும்.

மன்னார் எரிவாயு பற்றி வாக்குறுதிகள் வழங்கப்படும்போது நாம் கேட்கவேண்டியவை சில உள. எந்த ஆழத்தில், எத்தகைய கட்டமைப்புடன், யாருடைய பணத்தில்? அக்கடலையே நம்பி வாழும் தமிழ், முஸ்லிம் மீனவர்களுக்கு என்ன பாதுகாப்பு? இவற்றுக்கு விடை கூறாத வாக்குறுதியால் எந்த அடுப்பும் எரியப்போவதில்லை.