தேன்சிட்டை உறைய வைப்பது ஷட்டர் இல்லை, ஃப்ளாஷ்

முதல்ல ஒரு பஞ்சாயத்தை முடிச்சிடுவோம். எங்க ஊர் சிவகிரி பக்கம் யாராவது செம்பருத்தியில் குட்டிப் பறவையைப் படம் எடுத்தா, உடனே "ஹம்மிங்பேர்ட்"னு ஸ்டேட்டஸ் போட்டுடுறாங்க. ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும்தான் இருக்கு. நம்ம ஊரில் இருப்பது தேன்சிட்டு. அது பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும், சில நேரம் செம்பருத்தியின் அடியில் ஓட்டை போட்டே உறிஞ்சிடும். உட்கார இடமில்லாத பூன்னா மட்டும் ஓரிரு நொடி அந்தரத்தில் சிறகடிச்சு நிற்கும். நமக்கு வேண்டியது அந்த ஓரிரு நொடிதான்.

ஒரு சின்ன கணக்கு. ஹம்மிங்பேர்ட் சிறகு 5 செ.மீ. நீளம், நொடிக்கு 50 அடி, ஒவ்வொரு வீச்சும் 120 டிகிரின்னு வச்சுக்குவோம். ஒரு வீச்சில் சிறகு நுனி சுமார் 10 செ.மீ. போகுது. மேலே ஒண்ணு, கீழே ஒண்ணுன்னா அடிக்கு 20 செ.மீ. ஆக நொடிக்கு சராசரி 10 மீட்டர். 1/1000 நொடியில் நுனி 10 மி.மீ. நகர்ந்துடும், படத்தில் சிறகு வெறும் புகைதான். 1/10000 நொடின்னா 1 மி.மீ. தேன்சிட்டு இவ்வளவு வேகமில்லை, ஆனா அதே வழியில்தான் யோசிக்கணும்.

1/10000 ஷட்டர் பெரும்பாலான கேமராக்களில் கிடையாது. ஆனா கேமரா மேல மாட்டுற ஃப்ளாஷில் அது ஏற்கெனவே இருக்கு. முழு பவரில் கெப்பாசிட்டர் மொத்தமா டிஸ்சார்ஜ் ஆகுறதால வெளிச்சம் நீளமா இருக்கும். பவரைக் குறைச்சா வெளிச்சத்தோட உயரம் குறையாது, ஐஜிபிடி பாதியிலேயே கரண்ட்டை வெட்டிடும். அதாவது பவர் குறையக் குறைய வெளிச்சம் குட்டையாகும். நிக்கான் எஸ்பி-900 ஃப்ளாஷின் மேனுவல்படி முழு பவரில் 1/880 நொடி, 1/16 பவரில் 1/10000, 1/32 பவரில் 1/20000. (இ.இ.இ. மக்களுக்கு மட்டும்: இந்த எண்கள் பொதுவா வெளிச்சம் பாதிக்கு மேல் இருக்கும் நேரம். முழு பவரில் வால் நீளமா இழுக்கும். எக்ஸ்பொனென்ஷியல் சரிவுன்னா பத்தில் ஒரு பங்காகக் குறைய 3.3 மடங்கு நேரம் ஆகும்.)

இதைக் கண்டுபிடிச்சதும் நம்ம ஜாதி ஆளுங்கதான், இன்ஜினியர்ஸ். எம்.ஐ.டி.யின் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் ஹரால்ட் எட்ஜர்ட்டன் தன்னோட ஸ்ட்ரோப் விளக்குகளால் ஹம்மிங்பேர்டுகளைப் படம் பிடிச்சார். டூபாண்ட் கம்பெனியின் தலைவரா இருந்த கெமிக்கல் இன்ஜினியர் க்ராஃபோர்ட் க்ரீன்வால்ட், 1960-ல் ஹம்மிங்பேர்ட் படங்களோட ஒரு புத்தகமே போட்டார்.

இப்போ செட்டிங். ஷட்டர் 1/200, அதாவது கேமராவின் சிங்க் வேகத்துக்குள்ள. எஃப்/11, ஐஎஸ்ஓ 400. ஃப்ளாஷ் மேனுவல் மோடில் 1/16 அல்லது 1/32. எச்எஸ்எஸ் மோடைத் தொடாதீங்க. அது ஷட்டர் நகருற வரைக்கும் தொடர்ந்து துடிக்கிற வெளிச்சம், நமக்கு வேண்டியதுக்கு நேர் எதிர்.

பலரும் கோட்டை விடுற இடம் சுற்றுப்புற வெளிச்சம். ஃப்ளாஷ் 1/10000 நொடிதான், ஆனா ஷட்டர் 1/200 நொடி திறந்திருக்கு. அந்த நேரம் முழுக்க வெயில் உள்ளே வந்தா, தெளிவான சிறகைச் சுத்தி ஒரு பேய் சிறகும் பதிவாகும். நம்ம ஊர் மத்தியான வெயிலில் மேலே சொன்ன செட்டிங் ரெண்டு ஸ்டாப்புக்கு மேலயே ஓவர் எக்ஸ்போஸ் ஆகும். அதனால தாழ்வாரத்தையோ அடர்ந்த மர நிழலையோ தேடுங்க. ஃப்ளாஷை அணைச்சுட்டு ஒரு படம் எடுங்க, கிட்டத்தட்ட கறுப்பா வந்தா இடம் ஓகே.

பவர் குறைஞ்சதால ஃப்ளாஷைப் பூவுக்குப் பக்கத்தில், அரை மீட்டர் தூரத்தில் வைக்கணும். தூரம் ரெட்டிப்பானா வெளிச்சம் கால் பங்குதான். ரெண்டு ஃப்ளாஷ் இருந்தா நல்லது. ரெண்டும் ஒரே பவரில் இருக்கணும், ஒண்ணு 1/4-ல் நின்னா அதோட மங்கல்தான் படத்தில் தெரியும். கேமராவை ட்ரைபாடில் பூ மேல ஃபோகஸ் பண்ணி வச்சுட்டு, ரிமோட்டோட நீங்க தள்ளி உட்காருங்க. பின்னணி இருட்டா வரும். ஒரு பச்சைப் புடவையைக் கொடியில் கட்டி, அதுக்கும் கொஞ்சம் ஃப்ளாஷ் கொடுத்தா தோட்டம் மாதிரியே இருக்கும். அம்மாகிட்ட கேட்டுட்டு எடுங்க.

ஆண் ஊதாத் தேன்சிட்டுன்னா இன்னொரு விளையாட்டு இருக்கு. அதோட மினுமினுப்பு சாயம் இல்லை, இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் சிதறி வர்ற நிறம். கோணம் மாறினா அதே பறவை வெறும் கறுப்பு. ஃப்ளாஷைப் பக்கவாட்டிலிருந்து லென்ஸ் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திப் பாருங்க, ஒரு இடத்தில் சட்டுன்னு நீலமும் ஊதாவும் பத்திக்கும்.

இவ்வளவும் பூ பக்கத்தில் மட்டும்தான். தேன்சிட்டு வீட்டுத் தாழ்வாரக் கம்பியிலயே கூடு தொங்கவிடும், கையெட்டுற உயரத்தில். லைக்ஸுக்கு அதைவிட ஈஸியான படம் கிடையாது, அதனாலதான் நிறைய பேர் அங்கேயே ட்ரைபாடை விரிக்கிறாங்க. ஆள் நிக்கிற வரைக்கும் தாய்ப்பறவை உள்ளே வராது. முட்டை சூடு இல்லாம கிடக்கும், குஞ்சு பசியில் கத்தும், அந்தச் சத்தம் காக்காய்க்குக் கேக்கும். உங்க வீட்டுக் கொடியில் கூடு இருந்தா குஞ்சுகள் பறந்து போற வரைக்கும் துணியை மாடியில் காயப்போட்டுட்டு, கேமராவைத் தூக்கிட்டுப் பக்கத்துத் தெரு செம்பருத்திக்குப் போயிடுங்க.