உடைந்த குவளையும் ஒரு வழக்கும்

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலே ஒரு தேநீர்க்கடை. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நான் அங்கே அமர்ந்திருந்தபோது, வேலைக்காரப் பையன் கொதிக்கக் கொதிக்கத் தேநீர் வார்த்த கண்ணாடிக் குவளை அவன் கையில் இருந்தபடியே விண்டு போயிற்று. கல்லாவிலிருந்த முதலாளி, "இந்த மாசம் இது மூண்டாவது. சம்பளத்தில பிடிப்பன்" என்றார்.

நானோ விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். தொழிற்பழக்கம் சும்மா இருக்கவிடவில்லை. "முதலாளி, பிழை பையனிலே இல்லை" என்று தொடங்கினேன்.

சூடேறிய பொருள் விரியும் என்பது பாடசாலைப் பிள்ளையும் அறிந்ததுதான். வெள்ளவத்தையில் கடலோரமாக ஓடும் தண்டவாளமும் விரிகிறது. 12 மீற்றர் நீளமான உருக்குத் தண்டவாளம் 25 பாகை சூடேறினால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீற்றர் நீளும். அதற்கென்றே பொருத்துகளில் இடைவெளி விடுவது வழக்கம். கண்ணாடி இத்துணை விரிவதில்லை. ஒரு பாகைக்கு உருக்கு பத்து இலட்சத்தில் 12 பங்கு நீளுமாயின், சாதாரணக் கண்ணாடி 9 பங்கே நீளும். ஆயினும் உடைவது கண்ணாடியே.

காரணம் இது. உருக்கில் வெப்பம் விரைந்து பரவும். கண்ணாடியில் மெல்ல ஊரும். கொதிநீர் பட்ட உட்சுவர் விரிய முனைகையில் வெளிச்சுவர் குளிர்ந்தே கிடக்கிறது. உள்ளே தள்ள, வெளியே இழுபடுகிறது. அமுக்கத்தை நன்கு தாங்கும் கண்ணாடி இழுவையைத் தாங்காது. உலோகம்போல நெளிந்து கொடுக்கவும் அதற்குத் தெரியாது. சுவர் தடித்திருந்தால் அபாயம் இன்னும் அதிகம். நெடுநாள் உழைக்கும் என்று தடித்த குவளையாகத் தேடி வாங்குகிறோமே, கொதிநீருக்கு மெல்லியதே உத்தமம்!

"அப்ப நேற்று ஏன் உடையேல்லை, மாஸ்டர்?" என்றார் முதலாளி.

நல்ல கேள்வி. என் மாணவர் எவரும் இதைக் கேட்டதில்லை. தும்பும் சாம்பலும் இட்டுத் தேய்க்கும்போது கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. இழுவை அக்கீறலின் நுனியிலே குவிகிறது. நேற்றுப் பொறுத்த குவளை இன்று பொறாது. போதாததற்கு, குளிர்நீரில் அலசிய ஈரத்தோடு உடனே தேநீர் வார்க்கவேண்டும் என்பது அவருடைய கட்டளைதான்.

ஜெர்மனியின் யேனா நகரத்து ஒட்டோ ஷொட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போறன் சேர்த்துக் கண்ணாடி செய்தார். அவ்வினக் கண்ணாடி மூன்றில் ஒரு பங்களவே விரியும். 1915இல் அமெரிக்காவில் பைரெக்ஸ் என்னும் பெயருடன் அது அடுப்படிக்கும் வந்தது. தேநீர்க்கடைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. என் தாயார் கொதிநீர் ஊற்றுமுன் குவளையில் ஒரு கரண்டியை இட்டுவைப்பார். வெப்பத்தில் ஒரு பங்கைக் கரண்டி வாங்கிக்கொள்ளும். பௌதிகம் அவர் படித்ததில்லை.

முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை சென்றபோது, பையன் குவளையிலே சிறிது இளஞ்சூட்டு நீரைச் சுழற்றிக் கொட்டிவிட்டுத் தேநீர் வார்த்தான். பிடித்த பணம் திரும்பக் கிடைத்ததா என்று மெல்லக் கேட்டேன். அவன் கல்லாப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "சீனி காணுமா, சேர்?" என்றான்.