‘மெட்டி ஒலி’ ஏன் திரும்ப வந்தது?

ஆம்பூர் ஷூ கம்பெனியில வேலை முடிச்சு வர்றவங்களுக்கு சாயங்காலம்னா சீரியல்தான். 2020 லாக்டவுன்ல புது எபிசோடு நின்னு, சன் டிவியில ‘மெட்டி ஒலி’ மறுபடியும் வந்துச்சு. நமக்கு ஜாலி. ஆனா அந்த ரிப்பீட்டுக்குப் பின்னாடி ஒரு சம்பளப் பிரச்சினை இருந்தது.

தினசரி சீரியலுக்குக் கையிருப்பு எபிசோடு கொஞ்சம்தான் இருக்கும். ஷூட்டிங் நின்னா சீக்கிரம் தீர்ந்துடும். சேனல் கையில பழைய தொடர் இருக்கு. லைட்மேன் கையில என்ன இருக்கு? வேலைக்குப் போனாத்தான் அன்னைக்குச் சம்பளம். மார்ச் மாசம் வேலை நின்னதும், ஃபெஃப்சி தலைவர் ஆர்.கே. செல்வமணி நடிகர்கள்கிட்ட உதவி கேட்டார். ரஜினிகாந்த் 50 லட்சம் கொடுத்தார்.

மே மாசம் அரசு, 20 பேரோட சீரியல் ஷூட்டிங் நடத்தலாம்னு சொன்னது. நடிகர், கேமரா, லைட், மேக்கப்னு எண்ணினாலே 20 பத்தாது. வெளியே நிக்கப்போறது தினக்கூலி ஆட்கள்தான். சினிமாத் துறை கோரிக்கை வச்சதும் 60 பேர் ஆச்சு.

அமெரிக்காவில ரிப்பீட் போட்டா எழுத்தாளருக்குப் பணம் வரும். ஸ்ட்ரீமிங்லயும் அது சரியா வரணும்னுதான் 2023-ல் 148 நாள் ஸ்ட்ரைக் பண்ணினாங்க. அடுத்த தடவை டிவியில ரிப்பீட் ஓடினா, இன்னைக்கு யாருக்குச் சம்பளம் இல்லைன்னும் கேளுங்க.