வலுவைக் கூட்டுமுன் முள்ளைப் பாருங்கள்

மண்ணெண்ணெய் விளக்கின் திரியை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் நேர்வது யாதென்பதை நம் இல்லத்தரசிகள் நன்கறிவர். ஒளி பெருகுவதற்குப் பதிலாகப் புகை எழும், சிமினி கரியேறும், கவனியாதிருந்தால் கண்ணாடி வெடித்தும் போகும். எண்ணெய் கூடிற்று, அதற்கேற்ற காற்றுக் கூடவில்லை. இச்சிறு உண்மையே இன்று நாம் சொல்லப் புகும் இயந்திரக் கதைக்கும் அடிப்படையாகும்.

ஜேர்மன் நாட்டு ஆக்ஸ்பேர்க் நகரில், 1897ஆம் ஆண்டிலே, ருடோல்வ் டீசல் என்பார் தம் பெயர் தாங்கிய இயந்திரத்தை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். தீப்பொறியின் உதவியின்றி, இறுக அமுக்கப்பட்ட காற்றின் சூட்டினாலேயே எண்ணெயை எரியச் செய்வது அதன் சிறப்பு. வெளியேறும் புகையின் விசையைக் கொண்டே காற்றை உள்ளே ஊதும் முறைக்கு, சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூக்கி 1905இல் உரிமைப் பத்திரம் பெற்றார். இன்று ‘டேர்போ’ என வழங்கும் காற்றூதி அதன் வழிவந்ததே.

அமெரிக்காவில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த பிக்கப் வண்டிகளுள் பெயர் பெற்றது, 1989ஆம் ஆண்டு மாதிரியாக வெளிவந்த டொட்ஜ் வண்டியாகும். ஆறு உருளைகளும் 5.9 லீற்றர் கொள்ளளவுமுடைய கமின்ஸ் டீசல் இயந்திரம் அதிலே பொருத்தப்பட்டது. 160 பரிவலுவும் 400 இறாத்தல்-அடி முறுக்குவிசையும் அதன் அளவு. எண்ணெய்ப் பம்பியில் உள்ள ஒரு திருகாணியைச் சற்றுத் திருப்பினால் எண்ணெய் மிகுந்து வலுவும் மிகும் என்பதை உரிமையாளர் விரைவிலே கண்டுகொண்டனர். கை சும்மா இருக்குமா? ஆனால், புகையின் வெப்பத்தைக் காட்டும் மானியோ, ஊதும் காற்றின் அமுக்கத்தைக் காட்டும் மானியோ அவ்வண்டியில் தொழிற்சாலையிலிருந்து வரவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு திரியை உயர்த்துவது போலாயிற்று!

கொலராடோ மாநிலத்து ஐசனோவர் சுரங்கப் பாதையை நோக்கி ஒருவர் பாரமேறிய இழுவண்டியுடன் ஏறுகிறார் என்று கொள்வோம். அது கடல்மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேற்பட்ட உயரம். காற்றோ அடர்த்தி குறைந்தது. எரிவதற்குப் போதிய காற்றில்லாத எண்ணெய் கரும்புகையாகும். புகையின் வெப்பமும் ஏறும். அலுமினியம் உருகுவது 660 செல்சியஸ் பாகையில். பிஸ்டன்களோ அலுமினியக் கலவையால் ஆனவை. உள்ளே புகும் காற்றும் எண்ணெயும் அவற்றைக் குளிர்விப்பதால் நொடிப்பொழுது வெப்பத்தைத் தாங்கும், நெடுநேரம் தாங்கா. ஆகவே, 1,250 பரனைற்று பாகைக்கு மேல், அதாவது ஏறத்தாழ 677 செல்சியஸுக்கு மேல், முள்ளை நிற்கவிடலாகாது என்பது அனுபவமுள்ளோர் பலரும் கைக்கொள்ளும் விதி. முள் ஏறினால் மிதியைத் தளர்த்துக, கியரைக் குறைத்துக்கொள்க. மலை எங்கும் ஓடிவிடாது.

எனவே முதலிற் பொருத்தவேண்டியவை மூன்று மானிகள்: புகைவெப்பமானி, காற்றமுக்கமானி, தானியங்கிக் கியர்ப்பெட்டியின் எண்ணெய் வெப்பமானி. முன்கண்ணாடியின் ஓரத்தூணில் இவற்றை வைத்தால் பாதையிலிருந்து பார்வை விலகாது. புகைவெப்பத்தை அறியும் வெப்பவிணையை டேர்போவுக்கு முன்னே, உருளைகளின் புகையைத் திரட்டும் வார்ப்பிரும்புக் குழாயிலே பதித்தல் நலம். டேர்போவைக் கடந்த புகை தன் வெப்பத்தில் ஒரு பகுதியை இழந்துவிடுவதால், அங்கே வைத்த மானி பாரமேற்றத்தில் குறைத்தே காட்டும். அந்தப் பொய்யான ஆறுதல் ஆபத்தானது.

இக்குழாயைத் துளைக்கும் வேளையிலே பொறுமை வேண்டும். துறப்பணத்தின் அலகிற் கிரீஸைப் பூசி, சிறிது சிறிதாகத் துளைத்து, இரும்புத் தூளை அவ்வப்போது துடைத்தெடுக்க வேண்டும். எஞ்சியதைக் காந்தத்தால் எடுத்துவிடலாம். ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும், அதிவேகமாகச் சுழலும் டேர்போவின் இதழ்களிற் பட்டு ஊறு செய்யும். எரிபொருள் அமுக்கமானியும் வேண்டுவோர், எண்ணெய்க் குழாயை ஓட்டுநர் அறைக்குள் கொண்டுவருதல் கூடாது. மின்கம்பி வழியாகச் செய்தி தரும் மானியே தகும்.

இவையெல்லாம் முடிந்து, பழைய நிலையிலேயே சில நாள் ஓட்டி, முட்களின் வழக்கமான இயல்பை அறிந்த பின்னரே திருகாணியைத் தொடலாம். முதலிற் காற்று வரவும் புகை போக்கும் தாராளமாக வழிசெய்க. பின்னர் எண்ணெயைச் சிறுகக் கூட்டுக. புகை கட்டுப்படுத்தும் கருவிகளைக் கழற்றி எறிவது ‘முன்னேற்றம்’ ஆகாது. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் அதனைத் தடை செய்கிறது. கரும்புகையைச் சுவாசிப்பவர் பின்னால் வரும் வண்டியிலுள்ள குழந்தையாகவும் இருக்கலாமன்றோ?

இன்னொன்றையும் மறத்தலாகாது. இயந்திரத்தின் வலு கூடினாலும் தடுப்புக்கள் பழையனவே. வண்டி ஏற்கத்தக்க பாரமும் பழையதே. ஏறிய மலையில் இறங்கவும் வேண்டும். அங்கே உதவுவது பரிவலு அன்று, நிதானமே.

பயணம் முடிந்ததும் உடனே இயந்திரத்தை நிறுத்தாது, புகைவெப்ப முள் 400 பரனைற்றுக்குக் கீழ் இறங்கும்வரை சற்றே காத்திருங்கள். சூடேறிய டேர்போவில் எண்ணெய் கருகாது காக்கும் வழி அது. அந்தச் சில நிமிடங்களில் வீட்டாரும் பொதிகளை இறக்கிவிடலாம். விளக்கை அணைக்குமுன் திரியைத் தாழ்த்தும் நம் பாட்டிமார் இதனைக் கேட்டால், “இது எங்களுக்குத் தெரியாததா?” என்று நகைப்பர்.