பிக்கப் வண்டியின் பின் அச்சில் இருப்பது எந்த டிஃபரன்ஷியல்?

வளைவில் திரும்பும் வண்டியின் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு உருள வேண்டியிருப்பதால், ஒரே அச்சில் உள்ள இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் பல்சக்கர அமைப்பே டிஃபரன்ஷியல் எனப்படுகிறது. இதன் எளிய வடிவமான திறந்த வகை இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையையே தருகிறது. ஆகவே ஒரு சக்கரம் சேற்றில் பிடிப்பிழந்து சுழலத் தொடங்கினால், கெட்டித் தரையில் நிற்கும் மற்றதற்கும் அதே சொற்ப விசைதான் கிடைத்து, வண்டி நகராமல் நின்றுவிடும். சரக்குத் தட்டு காலியாக இருக்கையில் பின்பக்க எடை குறைந்துவிடும் பிக்கப் வண்டிகளில் இக்குறை பெரிதாகத் தெரியும் என்பதால், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகையையும் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் லாக்கர் வகையையும் அமெரிக்க நிறுவனங்கள் நெடுங்காலமாகவே வழங்கி வருகின்றன.

பழைய வண்டி வாங்குவோர் முதலில் அச்சின் பின்மூடியில் உள்ள போல்ட்டுகளை எண்ணுவது வழக்கம். ஆனால் அந்த எண்ணிக்கை அச்சு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை மட்டுமே சுட்டும். ஜெனரல் மோட்டார்ஸின் கனரக அச்சுக்குப் பதினான்கு போல்ட்டுகள், ஃபோர்டின் 8.8 அங்குல அச்சுக்குப் பத்து என்று அறிந்தாலும், உள்ளே இருப்பது திறந்த வகையா லாக்கரா என்பது அதிலிருந்து தெரியாது.

அதற்கு நம்பத்தக்க சான்று தொழிற்சாலைக் குறியீடுதான். ஃபோர்டு எஃப்-150 வண்டிகளில் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்ட சீட்டில் அச்சுக்கென ஒரு குறியீடு உண்டு. அதில் 19 என்றிருந்தால் 3.55 பல்சக்கர விகிதமுள்ள திறந்த வகை, எச்9 என்றிருந்தால் அதே விகிதத்தில் லிமிடெட் ஸ்லிப். மூடியின் போல்ட்டில் மாட்டிய சிறு தகடு துருவில் அழியாமல் தப்பியிருந்தால், அதில் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் எல் என்ற ஆங்கில எழுத்து அமைந்து, 3எல்55 என்று பொறிக்கப்பட்டிருப்பதும் லிமிடெட் ஸ்லிப்பையே குறிக்கும். செவ்ரலே, ஜிஎம்சி வண்டிகளில் பல ஆண்டுகள் கையுறைப் பெட்டிக்குள் ஒட்டப்பட்டு வந்த சீட்டில் ஜி80 இருந்தால் அது பூட்டும் வகை, ஜிடி4 இருந்தால் 3.73 விகிதம். எனினும் இச்சீட்டு வண்டி பிறந்த நாளின் நிலையைத்தான் சொல்லும். இடையில் யாராவது அச்சை மாற்றியிருந்தால் அது பயன்படாது.

ஆகவே கையால் சோதிப்பதும் தேவைப்படுகிறது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியால் தூக்கி, அச்சை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை விடுவித்த பின் ஒரு சக்கரத்தைச் சுழற்றினால், மற்றது எதிர்த்திசையில் சுழலும்போது திறந்த வகை என்றும், அதே திசையில் சுழலும்போது லிமிடெட் ஸ்லிப் அல்லது லாக்கர் என்றும் கொள்வது பட்டறை வழக்கம். ஆனால் இந்த முடிவு எல்லா வண்டிகளுக்கும் பொருந்தாது. உராய்வுத் தட்டுகள் தேய்ந்த லிமிடெட் ஸ்லிப் திறந்த வகையைப் போலவே நடந்துகொள்ளும். ஈட்டன் நிறுவனம் 1973 முதல் வழங்கிய கவ்-லாக் எனும் ஜி80 அமைப்போ, எந்தக் கோளாறும் இல்லாதபோதே எதிர்த்திசையில்தான் சுழலும். அதனுள் மையவிலக்கு விசையால் விரியும் சிறு எடைகள் உள்ளன. இரு சக்கரங்களின் வேக வேறுபாடு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சுற்றுகளை எட்டும்போதுதான் அவை விரிந்து ஒரு கொக்கியில் சிக்கி, சாய்தளப் பல்சக்கரத்தை நகர்த்தி உராய்வுத் தட்டுகளை இறுக்குகின்றன. கையால் மெல்லச் சுழற்றும் வேகத்தில் இது நிகழாது என்பதால், நல்ல லாக்கர் உள்ள வண்டியைத் திறந்த வகை என்று தவறாகக் கணித்துவிட நேர்கிறது.

ஐயம் தீராதபோது எஞ்சும் வழி, எண்ணெயை வடித்து மூடியைக் கழற்றிப் பார்ப்பதே. கூட்டுக்குள் நான்கு சிறு கூம்புப் பல்சக்கரங்கள் மட்டும் தெரிந்தால் அது திறந்த வகை. தட்டுகளின் அடுக்கும் இறுக்கும் சுருள்வில்லும் தெரிந்தால் லிமிடெட் ஸ்லிப். ஓரத்தில் அந்த எடைகள் தெரிந்தால் கவ்-லாக். பெரிய கிரவுன் சக்கரத்தின் விளிம்பில் 41, 11 எனப் பல் எண்ணிக்கை பொறிக்கப்பட்டிருந்தால், முதலதை இரண்டாவதால் வகுக்கக் கிடைக்கும் 3.73 அந்த அச்சின் விகிதம். மூடியைத் திரும்ப மாட்டுமுன் புதிய எண்ணெயை வகைக்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனெனில் ஃபோர்டின் உராய்வுத் தட்டு வகைக்கு உராய்வைத் தணிக்கும் தனிச் சேர்மானமும் எண்ணெயில் இருக்க வேண்டும், அது இல்லையென்றால் வளைவுகளில் பின் அச்சு அதிர்ந்து முனகத் தொடங்கும்.