வயிறு சொல்வதைக் கேட்கிறோமா?

புனே ரயில் நிலையத்திற்கு அருகிலேயே சாசூன் மருத்துவமனை இருக்கிறது. பணி மாற்றலில் இந்நகருக்கு வந்த நாங்கள் நாள்தோறும் அதைக் கடந்துதான் கிளைக்குச் செல்கிறோம். அதற்குள் ஓர் அறை நினைவிடமாகப் பாதுகாக்கப்படுகிறது. 1924ஆம் ஆண்டு ஜனவரி 12 அன்று இரவு மகாத்மா காந்திக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்த அறை அது.

காந்திக்கு அப்போது வயது 54. எரவாடா சிறையில் ஆறாண்டுத் தண்டனையை அனுபவித்து வந்தார். குடல்வால் அழற்சி என்று தெரிந்ததும் சாசூனுக்குக் கொண்டுவரப்பட்டார். ஆங்கிலேய அரசின் கைதிக்கு ஆங்கிலேயரான கர்னல் மேடாக் அறுவை செய்ய வேண்டும். ஏதேனும் நேர்ந்துவிட்டால் நாடே கொந்தளிக்கும். காந்திக்கு அறிமுகமான மருத்துவர்கள் பம்பாயிலிருந்து வரும்வரை காத்திருப்பதோ ஆபத்து. அந்த இக்கட்டான வேளையில் அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர், இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவராக விளங்கிய நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். அரசியலில் காந்தியோடு மாறுபட்டவர், நட்பில் மாறாதவர். ஒப்புதல் வாசகம் எழுதப்பட்டது. காந்தி நடுங்கும் கையால் ஒப்பமிட்டார். அறுவை நடந்துகொண்டிருக்கையில் மின்விளக்கு அணைந்துபோக, அரிக்கேன் விளக்கின் ஒளியில் மேடாக் பணியை முடித்தார். பிப்ரவரி 5ஆம் நாள் அரசு காந்தியை விடுதலை செய்தது.

உணவில் காந்தியைப் போல் விழிப்பாக இருந்தவர்கள் அரியர். இயற்கை மருத்துவத்தில் அவருக்கிருந்த பற்றும் ஊரறிந்தது. அவருக்கே இந்நிலை வந்தது என்பதுதான் எங்களைச் சிந்திக்க வைத்தது. முன்னதாக 1918இல் கேடா மாவட்டத்தில் இருந்தபோதும் அவர் வயிற்றுக் கடுப்பால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். பண்டிகை நாளொன்றில் கஸ்தூரிபா செய்து வைத்திருந்த இனிப்புக் கஞ்சியையும் பயறையும் நாவுக்கு இணங்கி உண்டதே வினையாயிற்று என்று தம் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அப்போது மருந்தை மறுத்து வருந்தியவர், சாசூனில் கத்திக்கு உடன்பட்டார். இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஆறாண்டு இடைவெளிகூட இல்லை.

இனி எங்கள் கதைக்கு வருவோம். எங்களுள் ஒருவருக்கு வயது 47. முழங்கால் வலிக்காகக் கடையில் தாமே கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கி வந்தார். மேல்வயிற்றில் எரிச்சல் தொடங்கியதும் அதற்கொரு மருந்துப் புட்டி மேசை இழுப்பறையில் குடியேறியது. காலையில் காரமான மிசள், நண்பகல் உணவுக்குப் பதில் இஞ்சி தட்டிய தேநீர், இரவு பத்து மணிக்கு மேல் வயிறு முட்டச் சாப்பாடு, உடனே படுக்கை. மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நேரத்தில் வங்கியில் பணிபுரியும் எவருக்கும் இது புதிதன்று. "ஏப்ரல் வரட்டும், டாக்டரைப் பார்க்கலாம்" என்றார். மலம் தார்போல் கறுத்ததைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. மார்ச் 28 பிற்பகலில் கவுன்டர் அருகே மயங்கி விழுந்தார். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கியிருந்தது.

எண்டோஸ்கோபியில் இரைப்பையில் புண் இருப்பதும், அது நெடுநாளாகக் கசிந்துகொண்டிருந்ததும் தெரியவந்தன. வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவருக்குக் காப்பாக இருக்கும் படலத்தை நலியச் செய்பவை. அத்துடன் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியும் இருந்தது. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமுமே காரணம் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில் இக்கிருமியைக் கண்டறிந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் ராபின் வாரனும் பாரி மார்ஷலும். மார்ஷல் 1984இல் கிருமி கலந்த நீரைத் தாமே குடித்துப் பார்த்தார்! 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். இன்று ஓரிரு வாரச் சிகிச்சையில் இக்கிருமியைப் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். எரிச்சலை அடக்கும் மருந்து தந்த தற்காலிக நிம்மதிதான் எங்கள் நண்பரை மருத்துவரிடம் செல்லவிடாமல் தடுத்தது.

நடுவயதில் உடல் உழைப்பு குறைகிறது. இடுப்பில் கொழுப்பு சேர்ந்து இரைப்பையை அழுத்துகிறது. ரத்த அழுத்தத்திற்கும் சோகைக்கும் உண்ணும் மாத்திரைகளுள் சில மலச்சிக்கலைத் தருகின்றன. இருபது வயதில் செரித்தது நாற்பத்தைந்தில் நெஞ்சில் வந்து நிற்பதில் வியப்பில்லை. இரவுணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே இரண்டு, மூன்று மணி நேரம் விட்டாலே எதுக்களிப்பு பலருக்குத் தணிகிறது.

எதை, எவ்வளவு உண்பது? இதற்கும் புனேயிலேயே ஒரு விடை எழுதப்பட்டது. 1942இல் ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது காந்தி ஆரோக்கியம் குறித்து ஒரு சிறு நூலை எழுதத் தொடங்கினார். உட்கார்ந்து அறிவுப்பணி செய்வோருக்கென்று அதில் ஓர் அளவு தருகிறார்: தானியம் எல்லாம் சேர்த்து 6 அவுன்ஸ், அதாவது சுமார் 170 கிராம். கீரை, சமைத்த காய், பச்சைக் காய் மூன்றும் சேர்த்து 9 அவுன்ஸ், சுமார் 255 கிராம். பழம் அவரவர் விருப்பத்திற்கும் வசதிக்கும் ஏற்ப. சோற்றைவிடக் காய் மிகுதி என்பதைக் கவனிக்க வேண்டும். நம் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் அல்லவா இருக்கிறது! அவர் சொல்லும் ஒன்றரை அவுன்ஸ் நெய் மட்டும் நாற்காலியை விட்டு எழாத எங்களுக்குச் சற்று அதிகம் என்றே தோன்றுகிறது. காய், பழம் 400 கிராமும் நார்ச்சத்து 25 கிராமும் நாளொன்றுக்குக் குறையாமல் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் இன்று கூறுகிறது. மராத்தியர் வீடுகளில் சோள ரொட்டியும், வெள்ளரியும் வேர்க்கடலையும் கலந்த பச்சடியும், மோரும் அன்றாட உணவு. இட்லியை விட்டுக்கொடுக்காத நாங்களும் மதிய உணவில் இவற்றைச் சேர்த்துக்கொண்டுவிட்டோம்.

ஆனால் உணவு ஒழுங்கால் தீராதவையும் உண்டு. காரணமின்றி எடை குறைதல், மலத்தில் ரத்தம் அல்லது கறுப்பு நிறம், விழுங்குவதில் தடை, சில வாரங்களாக மாறிப்போன மலப்பழக்கம், ரத்தசோகை ஆகியவற்றுக்கு வீட்டு வைத்தியம் பார்த்து நாள் கடத்தலாகாது. இன்னொன்று மிக முக்கியம்: வியர்வையோடும் மூச்சுத் திணறலோடும் வரும் நெஞ்சழுத்தத்தை 'வாயு' என்று எண்ணிச் சோடா குடித்துப் படுத்துவிடக் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். பெருங்குடல் புற்றுநோய்க்கான பரிசோதனையை 50 வயதில் தொடங்கினால் போதும் என்றிருந்த அமெரிக்க மருத்துவப் பரிந்துரை, 2021இல் 45ஆகக் குறைக்கப்பட்டது. குடும்பத்தில் எவருக்கேனும் அந்நோய் இருந்திருந்தால் அதற்கும் முன்பே மருத்துவரைக் கலந்துகொள்வது நல்லது.

வங்கியாளர்கள் என்பதால் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். பித்தப்பைக் கல், மூலம், குடலிறக்கம் போன்றவற்றுக்குப் பல மருத்துவக் காப்பீடுகளில் காத்திருப்புக் காலம் உண்டு. வலி வந்தபின் பாலிசி எடுத்தால் செலவு நம் சேமிப்பிலிருந்துதான் போகும். உங்கள் பாலிசியில் அக்காலம் எத்தனை மாதம் என்பதை இன்றே படித்துப் பாருங்கள். பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தவர்கள், காப்பீட்டுக்கான வரிக்கழிவின் உச்சவரம்புக்குள்ளேயே, முற்காப்புப் பரிசோதனைக்கான செலவையும் 5,000 ரூபாய் வரை காட்டலாம். எங்கள் கிளையில் இவ்வாண்டு அப்பரிசோதனையை மார்ச் மாதத்துக்குத் தள்ளாமல் நவம்பரிலேயே முடித்துவிட்டோம். வரிசையில் முதலில் நின்றவர் மயங்கி விழுந்த அந்த நண்பர்தான்.